கல்லானவளும் சிலந்தியானவளும்: உருமாற்றக் கதைகளும் நமது நாவும்

"சோத்த மிதிக்காத, கல்லாப் போயிருவாய்." "கிதாபுல கால் படப்படாது, குரங்காப் போயிருவாய்." "உம்மாவ எதிர்த்துப் பேசினவன் பன்றியாப் போனானாம்." நிந்தவூரிலிருந்து மருதமுனை வரைக்கும் இப்படியான பேச்சைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை குறைவு. மூத்தம்மாமார் இதைச் சொல்வது பிள்ளைக்கு ஒழுக்கம் வரவேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான். ஆனாலும் இந்தப் பேச்சுக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. மனிதன் மேலுலகத்தைக் கோபப்படுத்தினால் அவனுடைய உருவம் பறிக்கப்படும் என்பதே அது.

இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதல்ல. கிரேக்கர்களிடம் இது பெரும் கதைக் களஞ்சியமாக இருந்தது. நமது அயலவரான இந்துத் தமிழரிடமும் உண்டு. அல்குர்ஆனிலும் உருமாற்றம் பற்றிய செய்தி வருகிறது. அதற்கு அறிஞர்கள் வழங்கும் பெயர் 'மஸ்க்'. மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். அருகருகே வைத்துப் படித்தால்தான் வேறுபாடு விளங்கும். அந்த வேறுபாட்டை மறந்துவிட்டதால் நமது ஊர்களில் நடக்கிற ஓர் அநியாயத்தைப் பற்றியும் இக்கட்டுரையின் முடிவில் பேசவேண்டியிருக்கிறது.

கோபித்த தெய்வங்கள்

கிரேக்க உருமாற்றக் கதைகளை இன்று உலகம் பெரும்பாலும் ஓவிட் என்ற ரோமக் கவிஞர் வழியாகவே அறிகிறது. அவர் லத்தீன் மொழியில் எழுதிய 'மெட்டமோர்போசிஸ்' 15 நூல்களாகப் பிரிக்கப்பட்ட பெருங்காவியம். அதில் ஏறத்தாழ 250 கதைகள் உள்ளன. மனிதர் மரமாகிறார்கள், மான் ஆகிறார்கள், கரடியாகிறார்கள், கல்லாகிறார்கள், தவளையாகிறார்கள்.

எதற்காக மாற்றப்படுகிறார்கள் என்று பார்ப்போம். அக்டியோன் என்ற இளைஞன் காட்டில் வேட்டையாடுகிறான். வழி தவறிப்போன இடத்தில் ஆர்ட்டெமிஸ் என்ற தேவதை குளித்துக்கொண்டிருப்பதைத் தற்செயலாகக் கண்டுவிடுகிறான். அவள் தண்ணீரை அள்ளி அவன்மேல் எறிகிறாள். அவன் மானாகிறான். அவன் வளர்த்த நாய்களே எசமானை அடையாளம் தெரியாமல் அவனைக் கிழித்துக் கொல்கின்றன. அவன் செய்த குற்றம் என்ன? கண் பட்டது, அவ்வளவுதான்.

நியோபி என்ற அரசிக்கு ஏழு ஆண், ஏழு பெண் என்று பதினான்கு பிள்ளைகள். "லெட்டோ தேவதைக்கு இரண்டு பிள்ளைதானே, எனக்கு இத்தனை இருக்கு" என்று பெருமை பேசிவிட்டாள். லெட்டோவின் பிள்ளைகளான அப்பொல்லோவும் ஆர்ட்டெமிஸும் அம்பெய்து பிள்ளைகளைக் கொன்றார்கள். தாய் அழுதழுது கல்லாகிப் போனாள். கல்லான பிறகும் கண்ணீர் நிற்கவில்லையாம். துருக்கியின் மனிசா நகரருகே ஸிப்பிலஸ் மலையில் பெண்ணின் தலைபோலத் தோன்றும் ஒரு பாறை உண்டு. அதை அங்குள்ள முஸ்லிம்கள் இன்றும் 'அழும் பாறை' என்றே அழைக்கிறார்கள்.

மெடூசாவின் கதை இன்னும் கொடியது. அவளைக் கடல் தெய்வமான பொசைடன், அதீனாவின் கோயிலுக்குள் வைத்துப் பலாத்காரம் செய்தான் என்கிறார் ஓவிட். அதீனா தண்டித்தது பொசைடனை அல்ல, மெடூசாவை. அவளுடைய அழகிய கூந்தல் பாம்புகளாயிற்று.

எல்லாக் கதையும் இப்படித்தான் என்று சொன்னால் அது நியாயமாகாது. தாகத்தோடு கைக்குழந்தைகளைச் சுமந்துவந்த லெட்டோவுக்குக் குளத்துத் தண்ணீரைக் கொடுக்க மறுத்து, வேண்டுமென்றே சேற்றைக் கலக்கிவிட்ட கிராமத்தவர்கள் தவளைகளாகிறார்கள். மனித மாமிசத்தைச் சமைத்து விருந்தாளிக்கு வைத்த லைக்கோன் ஓநாயாகிறான். இவற்றில் அறம் இருக்கிறது. என்றாலும் தொகுத்துப் பார்த்தால் மிகப் பல கதைகளில் தண்டனையைத் தீர்மானிப்பது குற்றத்தின் அளவு அல்ல. தெய்வத்தின் மனம் எவ்வளவு புண்பட்டது என்பதே தீர்மானிக்கிறது.

மருதமுனைக்காரருக்கு விளங்கும் கதை

தறிச் சத்தத்தோடு வளர்ந்த ஊர் மருதமுனை. அந்த ஊரவர் அராக்னியின் கதையை மற்றவர்களைவிட நன்றாக விளங்கிக்கொள்வார்கள்.

அராக்னி ராசகுமாரி அல்ல. லிடியா நாட்டில் கம்பளி நூலுக்குச் சாயமேற்றும் ஒரு தொழிலாளியின் மகள். பிறப்பால் பெருமை இல்லை, கைவேலையால் பெயரெடுத்தாள். அவள் நெய்வதைப் பார்க்கவே சனம் கூடும். "இது அதீனா கற்றுக்கொடுத்த கைத்திறன்" என்று யாரோ சொல்ல, "எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை, வேணுமென்றால் அவள் வந்து போட்டி போடட்டும்" என்றாள். நெசவுக்கலைக்குத் தெய்வமாகிய அதீனா கிழவி வேடத்தில் வந்து எச்சரித்தாள். அராக்னி கேட்கவில்லை. இரண்டு தறிகள் போடப்பட்டன.

அதீனா நெய்த துணியில் தெய்வங்களின் மகிமை இருந்தது. நான்கு மூலைகளிலும் தெய்வங்களோடு மோதி உருமாறிப்போன மனிதர்களின் படங்கள் இருந்தன. அராக்னி நெய்ததோ வேறு. தெய்வங்கள் காளையாகவும் அன்னமாகவும் வேடம் போட்டுப் பெண்களை ஏமாற்றிய கதைகளை ஒவ்வொன்றாக நெய்தாள். வேலை முடிந்ததும் அதீனா துருவித் துருவிப் பார்த்தாள். நூலில் ஒரு பிசகுகூட இல்லை. அந்த ஆத்திரத்தில் துணியைக் கிழித்தாள். தறி நாடாவால் அராக்னியின் நெற்றியில் அடித்தாள். அவமானம் தாங்காமல் அராக்னி தூக்குப் போட்டுக்கொண்டாள். அப்போது அதீனாவுக்கு ஓர் இரக்கம் வந்ததாம். அவளைச் சாகவிடாமல் சிலந்தியாக்கி, காலமெல்லாம் தொங்கிக்கொண்டே நெய்யும்படி விட்டாள். உயிரியல் படிக்கிற பிள்ளைகள் சிலந்தி, தேள் இனங்களை 'அரக்னிடா' என்று கற்கிறார்களே, அந்தப் பெயர் இவளுடையதுதான்.

போட்டியில் தோற்றவள் அராக்னி என்று ஓவிட் எந்த இடத்திலும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். அதிகாரம் உள்ளவரின் குறையைத் திறமையோடு சொன்னதற்கே அவள் தண்டிக்கப்பட்டாள். ஓவிட்டுக்கும் பின்னாளில் அதிகாரத்தின் கோபம் என்னவென்று தெரிந்தது. கி.பி. 8இல் அகஸ்டஸ் பேரரசர் அவரைக் கருங்கடற்கரையிலுள்ள தோமிஸ் என்ற ஊருக்கு நாடுகடத்தினார். அவர் அங்கேயே காலமானார்.

சிலந்தி நமது மரபிலும் உண்டு. 'அல்அன்கபூத்' என்று அதன் பெயராலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அல்லாஹ்வை விட்டு வேறு பாதுகாவலரைத் தேடுவோருக்கு உவமையாக, வீடுகளில் மிகப் பலவீனமானது சிலந்தியின் வீடு என்கிறது அதன் 41ஆவது வசனம். தௌர் குகை வாசலில் சிலந்தி வலைபின்னி நபி (ஸல்) அவர்களை மறைத்தது என்ற செய்தியும் நம்மிடையே பிரபலம். அதன் அறிவிப்பாளர் வரிசை பற்றி ஹதீஸ்கலை அறிஞர்களிடம் விவாதம் உண்டு. எப்படி இருந்தாலும், நமது மரபில் சிலந்தி சபிக்கப்பட்ட பெண் அல்ல. அது அல்லாஹ்வின் ஒரு படைப்பு, அவ்வளவே.

அயல்வீட்டுக் கதைகள்

தமிழ்ச் சூழலில் கல்லான பெண் என்றதும் அகலிகைதான் ஞாபகத்துக்கு வருவாள். இந்திரனின் வஞ்சகத்தால் வந்த பழிக்காக, கௌதம முனிவர் தன் மனைவியைச் சபித்தார். வால்மீகியின் கதையில் அவள் கல்லாவதில்லை. காற்றை உணவாகக் கொண்டு, சாம்பலில் கிடந்து, யார் கண்ணுக்கும் தெரியாமல் தவமிருக்கிறாள். கம்பர்தான் அவளைக் கல்லாகக் காட்டுகிறார். இராமனின் பாதத் தூசு பட்டதும் அவள் மீண்டும் பெண்ணாகிறாள்.

இதில் இரண்டு விஷயங்கள் கிரேக்கக் கதையிலிருந்து மாறுகின்றன. சாபமிடுபவர் பெரும்பாலும் முனிவர், தெய்வமாக இருக்கவேண்டியதில்லை. மற்றது, சாபத்தோடு 'சாபவிமோசனம்' என்ற கதவும் சேர்ந்தே வருகிறது. கிரேக்கக் கதையில் ஐஓ போன்ற சிலர் பழைய உருவம் பெற்றாலும், பெரும்பாலோருக்கு அந்தக் கதவு இல்லை. அக்டியோன் மானாகவே செத்தான், நியோபி கல்லாகவே இருக்கிறாள்.

நமது பக்கத்துக் கொக்கட்டிச்சோலையில் கதை எதிர்த்திசையில் போகிறது. அங்குள்ள தான்தோன்றீச்சரர் கோயிலை இடிக்க வந்த போர்த்துக்கேய அதிகாரி, "இந்தக் கல் நந்தி புல் தின்னுமா?" என்று ஏளனமாகக் கேட்டானாம். கல் நந்தி எழுந்து புல்லைத் தின்று சாணமும் போட்டது என்பது அப்பகுதி மக்களின் ஐதீகம். உயிர் கல்லாவதற்குப் பதிலாக இங்கே கல் உயிராகிறது. பலமுள்ளவன் அழிக்க வந்தபோது பலமில்லாதவர்கள் தமது கோயிலைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதை அது. போர்த்துக்கேயரின் கெடுபிடியைக் கண்ட சமூகம் என்ற வகையில் நமக்கும் அந்த மனநிலை விளங்கும்.

கடற்கரை ஊரில் நடந்தது

இனி அல்குர்ஆனுக்கு வருவோம். அல்அஃறாப் அத்தியாயத்தின் 163 முதல் 166 வரையான வசனங்களில் ஒரு கடற்கரை ஊரின் செய்தி வருகிறது. செங்கடலோரம், இன்றைய அகபாவுக்கு அருகிலிருந்த 'அய்லா' என்பதே அந்த ஊர் என்று இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடமிருந்து அறிவிக்கப்படுகிறது. சனிக்கிழமை மீன் பிடிக்கக் கூடாது என்று அவ்வூரவர்க்குக் கட்டளை. சோதனை என்னவென்றால், அந்த நாளில்தான் மீன்கள் தலைகாட்டி மேலே வரும். மற்ற நாட்களில் வராது.

கடலை நம்பி வாழ்கிறவர்களுக்கு இது எப்படிப்பட்ட சோதனை என்று சாய்ந்தமருதுக் கரைவலைக்காரரிடம் கேட்டால் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக வலையைக் கரையில் போட்டுவிட்டு வருகிற அன்றைக்குத்தான் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் மீன் படை ஓடும் என்பார்கள்.

அவ்வூரவர்களில் ஒரு சாரார் தந்திரம் செய்தார்கள். தஃப்ஸீர்கள் தரும் விவரப்படி, வெள்ளிக்கிழமையே வலையை வைத்தார்கள், குழியும் வெட்டினார்கள். சனிக்கிழமை மீன் வந்து சிக்கியது. ஞாயிற்றுக்கிழமை அள்ளிக்கொண்டார்கள். "சனிக்கிழமை நாங்க மீன் பிடிக்கலையே" என்று கையை விரித்தார்கள். இன்னொரு சாரார் அவர்களைத் தடுத்து உபதேசம் செய்தார்கள். மூன்றாவது சாரார், "அல்லாஹ் அழிக்கப்போகிறவர்களுக்கு ஏன் வீணாகப் புத்தி சொல்றீங்க?" என்று கேட்டார்கள். உபதேசித்தவர்கள் சொன்ன மறுமொழியின் சாரம் இதுதான்: எங்கள் கடமையை இறைவனிடம் ஒப்புவிப்பதற்காக, ஒருவேளை இவர்கள் திருந்தவும் கூடும் என்பதற்காக. முடிவில், வரம்பு மீறியவர்களுக்கு இழிந்த குரங்குகளாகுமாறு கட்டளை வந்தது. தடுத்தவர்கள் காப்பாற்றப்பட்டார்கள்.

கிரேக்கக் கதையோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். இங்கே யாருடைய அழகும் பெருமையும் இறைவனைப் புண்படுத்தவில்லை. அக்டியோனைப்போல் யாரும் தற்செயலாகத் தவறவில்லை. கட்டளை முன்கூட்டியே தெரியும், எச்சரிக்கை தரப்பட்டது, திருந்த அவகாசமும் இருந்தது. தெரிந்துகொண்டே சட்டத்தை ஏமாற்றியதுதான் குற்றம். யாரும் இறைவனுக்குத் தீங்கு செய்துவிட முடியாது என்பது நமது அகீதா. தன்னைத்தானே மனிதன் அநியாயம் செய்துகொள்கிறான் என்றே குர்ஆன் திரும்பத் திரும்பச் சொல்கிறது.

மாறியது உடலா, உள்ளமா? தாபிஈன்களில் பெரும் விரிவுரையாளரான முஜாஹித் (றஹ்), மாறியது அவர்களின் உள்ளங்கள்தான், குரங்கு என்பது உவமை என்றார். பெரும்பான்மை அறிஞர்கள் இதை ஏற்கவில்லை. தபரியும் இப்னு கஸீரும் உடலே மாறியது என்ற கருத்தையே உறுதிப்படுத்தினார்கள். ஆனால் இருவரும் முஜாஹிதின் கருத்தை மறைக்காமல் தமது நூல்களில் பதிவு செய்தார்கள். கருத்து வேறுபாட்டை எப்படிக் கையாளுவது என்பதற்கு அதுவே ஒரு பாடம்.

சந்ததி இல்லாத தண்டனை

இந்த இடத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஒரு ஹதீஸ் மிக முக்கியமானது. இன்றைய குரங்குகளும் பன்றிகளும் அன்று உருமாற்றப்பட்டவர்களின் வழித்தோன்றல்களா என்று ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். உருமாற்றப்பட்ட எந்தக் கூட்டத்துக்கும் அல்லாஹ் சந்ததியை ஏற்படுத்தவில்லை என்றும், குரங்கும் பன்றியும் அதற்கு முன்பிருந்தே இருந்தன என்றும் அவர்கள் விளக்கினார்கள். அவர்கள் மூன்று நாட்களுக்கு மேல் வாழவில்லை என்று இப்னு அப்பாஸின் அறிவிப்பும் உண்டு.

இதன் விளைவுகளை யோசித்துப் பாருங்கள். குரங்கைக் கண்டு "இது முந்தி மனிசன்" என்று சொல்ல இடமில்லை. அராக்னியின் கதையில் உலகத்துச் சிலந்திகள் எல்லாம் அவளுடைய தண்டனையைச் சுமக்கின்றன. இங்கே ஒரு விலங்கும் யாருடைய பாவத்தையும் சுமக்கவில்லை. அதேபோல் ஓர் இனத்தவரைப் பார்த்து "குரங்கின் பிள்ளைகள்" என்று ஏசுவதற்கும் இந்த வசனங்கள் ஆதாரமாகா. அவர்களுக்குச் சந்ததியே இல்லையென்று நபியவர்கள் சொல்லிவிட்டார்கள். காப்பாற்றப்பட்ட நல்லவர்களும் அதே ஊரவர், அதே சமூகத்தவர்தான். இந்நிகழ்ச்சி இறையச்சமுடையோருக்கு ஓர் உபதேசம் என்கிறது அல்பகறா அத்தியாயத்தின் 66ஆவது வசனம். உபதேசம் கேட்கிறவனுக்கு உரியது, அடுத்தவனை நோக்கி எறிவதற்கு அல்ல.

நமது தமிழ்ப் புலவர்கள் இந்த நாடியை நன்றாகப் பிடித்திருந்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் உமறுப்புலவர் பாடிய சீறாப்புராணத்தின் நுபுவ்வத்துக் காண்டத்தில், 'தசைக்கட்டியைப் பெண்ணுருவமைத்த படலம்' என்று ஒரு படலம் உண்டு. ஹபீபு என்ற அரசனின் மகள் உறுப்புகள் அமையாத தசைக்கட்டியாகப் பிறந்திருக்கிறாள். நபி (ஸல்) அவர்களின் துஆவினால் அவள் முழுப் பெண்ணாகிறாள். இதன் வரலாற்று ஆதாரத்தை ஆராய்வது வேறு வேலை. இலக்கியமாகப் பார்த்தால், உருவம் பறிக்கும் கதைகள் மலிந்த தமிழ்க் காப்பிய உலகில் உமறு உருவம் கொடுக்கும் கதையைப் பாடினார். "இவள் என்ன பாவத்தால் இப்படிப் பிறந்தாள்?" என்பதல்ல அப்படலத்தின் அக்கறை. அந்தப் பிள்ளைமேல் இறங்கிய றஹ்மத்தே அதன் பொருள்.

எங்கிருந்தோ வந்து ஒட்டியவை

நமது சாதாரணப் பேச்சில் இந்தத் தெளிவு நிலைக்கவில்லை. ஹாறூத், மாறூத் பற்றி அல்பகறாவின் 102ஆவது வசனம் சுருக்கமாகவே சொல்கிறது. அதோடு, அவர்களை மயக்கிய ஒரு பெண் வானத்தில் ஏறி 'ஸுஹ்றா' என்ற வெள்ளி நட்சத்திரமாக மாற்றப்பட்டாள் என்ற கதை வந்து ஒட்டிக்கொண்டது. இது கஃபுல் அஹ்பார் வழியாக வந்த இஸ்ராயீலிய்யாத் என்று இப்னு கஸீர் இனங்காட்டினார். மனிதரை நட்சத்திரமாக்கும் கதைகள் கிரேக்கர்களிடம் ஏராளம். அராக்னியின் காவியத்திலேயே கலிஸ்டோ என்ற பெண் கரடியாகிப் பிறகு நட்சத்திரக் கூட்டமாகிறாள்.

இணையமும் கைத்தொலைபேசியும் வந்த பிறகு இது குறையவில்லை, கூடியது. பாதி மனிதமும் பாதி விலங்குமான ஓர் உருவத்தின் படம் சில வருடங்களுக்கு முன்னர் உலக முஸ்லிம்களிடையே சுற்றிவந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ஓமானில் ஒரு பெண்பிள்ளை குர்ஆனை அவமதித்ததால் இப்படி ஆனாள் என்று சொல்லப்பட்டது. உண்மையில் அது பட்ரிசியா பிச்சினினி என்ற ஆஸ்திரேலியக் கலைஞர் 2003இல் செய்த ஒரு சிற்பத்தின் பகுதி. சிலிக்கோனால் செய்த பொம்மையைக் காட்டித்தான் நாம் ஒருவரையொருவர் பயமுறுத்திக்கொண்டோம். குர்ஆனின் கண்ணியத்துக்கு ஒரு பொய்ப் படம் தேவையா? அந்தக் கதையிலே வருகிற இறைவன், ஆத்திரத்தில் துணியைக் கிழித்த அதீனாவைப் போலல்லவா சித்திரிக்கப்பட்டான்!

பொம்மைப் படத்தோடு நின்றால் சிரித்துவிட்டுப் போகலாம். இதே பேச்சு உயிருள்ள மனிதர்மேலும் விழுகிறது. பிளவுதட்டோடு ஒரு பிள்ளை பிறந்தால், "கிரகணத்தில உம்மா வெளியே வந்திருப்பா" என்கிறார்கள். ஊனத்தோடு பிறந்தால், "மூத்தவங்க செஞ்ச பாவம்" என்கிறார்கள். பெற்றவளின் முகத்துக்கு முன்னாலேயே சொல்கிறவர்களும் உண்டு.

ஹிஜ்ரி 10இல் நபி (ஸல்) அவர்களின் மகன் இப்றாஹீம் வபாத்தான அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்தப் பிள்ளையின் மரணத்துக்காகவே சூரியன் மறைந்தது என்று சனங்கள் பேசினார்கள். மகனைப் பறிகொடுத்த அந்தத் துயரத்திலும், தமக்குப் பெருமை சேர்க்கிற அந்தப் பேச்சை நபியவர்கள் விட்டுவைக்கவில்லை. சூரியனும் சந்திரனும் யாருடைய இறப்புக்காகவோ பிறப்புக்காகவோ கிரகணம் பிடிப்பதில்லை, அவை அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்று திருத்தினார்கள். நபியின் பிள்ளைக்கே இல்லாத கிரகணம், நமது பிள்ளையின் உதட்டைத் தேடிவந்து பிளக்குமா? பிளவுதடு சத்திரசிகிச்சையால் சீராக்கக்கூடிய ஒரு பிறவிக் குறை. அந்தத் தாய்க்கு நாம் காட்டவேண்டியது வைத்தியசாலைக்கு வழி.

2004 டிசம்பர் 26ஐ இந்தக் கரையில் யாரும் மறக்கமாட்டோம். இலங்கையில் சுனாமியால் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. இறந்தவர் தொகை பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று கடலோரம் முழுக்க வீட்டுக்கு வீடு மையித்து. ஜனாஸாக்கள் அடக்கி முடியுமுன்னமே, "கடற்கரையில் நடந்த பாவத்துக்குக் கிடைத்த கூலி" என்ற பேச்சு பல இடங்களில் எழுந்தது. தொட்டில் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள் என்று பேசியவர்கள் யோசிக்கவில்லை. நீரில் மூழ்கி இறந்தவரையும் இடிபாட்டில் சிக்கி இறந்தவரையும் ஷஹீத்களின் வரிசையில் நபி (ஸல்) சேர்த்திருப்பது ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. நபியவர்கள் ஷஹீத் என்று சொன்னவரை நாம் தண்டிக்கப்பட்டவர் என்றால், அது யாருக்கு எதிரான பேச்சு?

அய்லா ஊரின் நல்லவர்களை இன்னொரு தடவை நினைத்துப் பார்க்கலாம். அவர்கள் பேசியது தவறு நடந்துகொண்டிருந்தபோது, தவறு செய்தவரின் முகத்துக்கு நேரே, திருந்துவார்கள் என்ற ஆசையோடு. அதற்குப் பெயர் உபதேசம். எல்லாம் முடிந்த பிறகு, பேச முடியாதவர்களின் மையித்துக்கு மேல் நின்று காரணம் சொல்வதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. பாவத்தைப் பற்றிப் பேசவேண்டுமா, தாராளமாகப் பேசலாம். அளவை நிறுவையில் ஏமாற்றுகிறவனிடம், கூலியைப் பிடித்து வைக்கிறவனிடம், சட்டத்தில் ஓட்டை தேடி வட்டியை வேறு பெயரால் வாங்குகிறவனிடம் இன்றைக்கே போய்ப் பேசலாம். சனிக்கிழமை வலைக்காரருக்கு மிக நெருங்கியவர்கள் அவர்கள்தான்.